தெரிஞ்சவங்க வண்டி

முதல்லயே சொல்லிடறேன், இது திட்டுற பதிவு. சினிமா விமர்சனம், கவுஜ எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே நடையைக் கட்டலாம். செகண்ட் ஹாண்ட் பைக் வாங்கப் போறவங்க, வாங்கப் போற தம்பியோ மச்சானோ இருக்கறவங்க மட்டும் உக்காருங்க.

நான் திட்டப்போறது வண்டி விக்கிற ஆளை இல்ல. துடைச்சு, பாலிஷ் போட்டு, கூட ரெண்டாயிரம் வச்சு விக்கறது அவர் பொழப்பு. வாங்கற நம்ம ஆளுங்களைத்தான் திட்டப்போறேன். குறிப்பா எங்க ஆரணிக்காரங்களை.

எங்க ஊர்ல ஒரு பட்டுப்புடவையை எப்படிப் பார்ப்பாங்கன்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. நெசவாளர் பத்து பன்னெண்டு நாள் தறியில உக்காந்து நெய்து, மடிச்சு, முதலாளி வீட்டுக்கு எடுத்துட்டுப் போவார். முதலாளி அதை விரிச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிப்பார். இழை விட்டிருக்கா, முடிச்சு தெரியுதா, ஜரிகை எங்கயாவது இழுத்துக்கிட்டு நிக்குதா, பார்டரும் உடலும் சேர்ற இடத்துல சுருக்கம் இருக்கான்னு விரலால தடவிக்கிட்டே போவார். ஒரு குறை கண்ணுல பட்டா கூலியில பிடிப்பு. முப்பது வருஷமா அதே முதலாளிக்கு நெய்யறவரா இருந்தாலும் புடவையை விரிக்காம வாங்க மாட்டார். நெசவாளரும் கோவிச்சுக்க மாட்டார், அவரும் அப்படித்தான். பட்டா இல்லையான்னு சந்தேகம் வந்தா ஒரு நூலைப் பிரிச்சு நெருப்புல காட்டி முகர்ந்து பார்ப்பார். முடி கருகற வாசனை வந்து, சாம்பல் விரல்ல பொடிஞ்சா பட்டு. உருகி உருண்டையா கெட்டியானா பாலியஸ்டர். எங்க பாட்டிக்கே இந்த சோதனை தெரியும்.

இப்படிப்பட்ட ஊர்ல, நாப்பது அம்பதாயிரம் குடுத்து பழைய பைக் வாங்கறப்ப கேக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்.

"தெரிஞ்சவங்க வண்டியா?"

ஆமான்னு பதில் வந்துட்டா முடிஞ்சுது. பணத்தை எண்ணிக் குடுத்து, எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தி நசுக்கி, கோயில் வாசல்ல பூஜை போட்டு வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துடுவாங்க.

யாருக்கு தெரிஞ்சவங்க? இதைக் கொஞ்சம் நோண்டிப் பாருங்க, செம காமெடியா இருக்கும். நமக்கு டீக்கடைக்காரரைத் தெரியும். டீக்கடைக்காரருக்கு அவர் மச்சானைத் தெரியும். மச்சானுக்கு ஆற்காட்டுல வண்டி வாங்கி விக்கற ஒருத்தரைத் தெரியும். அவருக்கு சென்னையில ஒருத்தரைத் தெரியும். அந்த சென்னைக்காரருக்கு வண்டியோட ஓனரைத் தெரியுமான்னா, தெரியாது. இந்த சங்கிலியில வண்டியை ஆறு மாசம் ஓட்டின ஆள் ஒருத்தர்கூட இல்ல. ஆனா கடைசில நம்ம காதுல விழற வாக்கியம் "தெரிஞ்சவங்க வண்டி மாமா, டாக்டர் ஓட்டுனது". தமிழ்நாட்டுல பழைய வண்டி எல்லாமே டாக்டர் ஓட்டுனதுதான். இத்தனை டாக்டர் இருந்தா கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஏன்யா கியூ நிக்குது?

என் சித்தப்பா நெசவாளர். அவர் பையனுக்கு செய்யாறு சிப்காட்டுல ஷிஃப்ட் வேலை கிடைச்சுது. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கற இடத்துக்கே வண்டி வேணும். 2024 ஆடி மாசம் "தெரிஞ்சவர்" ஒருத்தர் மூலமா 125 சிசி பைக் ஒண்ணு 48,000 ரூபாய்க்கு வந்துச்சு. பார்க்க கண்ணாடி மாதிரி இருந்துச்சு. புது சீட் கவர், புது ஸ்டிக்கர், டயருக்கெல்லாம் கறுப்பு பூசி பளபளன்னு. ரெண்டு மாசம் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் ஹாரன் கம்ம ஆரம்பிச்சுது. அடுத்து செல்ஃப் ஸ்டார்ட் போச்சு. அப்புறம் ஓடிக்கிட்டே இருக்கறப்ப நடுரோட்டுல அணையும், அஞ்சு நிமிஷம் கழிச்சு தானே ஸ்டார்ட் ஆகும். ஒரு மெக்கானிக் பேட்டரி மாத்தினார், இன்னொருத்தர் ஒயரிங் மாத்தணும்னார். தீபாவளிக்கு நான் ஊருக்குப் போனப்ப ஹெட்லைட்டைக் கழட்டச் சொன்னேன். உள்ள கிண்ணத்து அடியில காஞ்ச சேறு, மெல்லிசா, காப்பித்தூள் மாதிரி.

வண்டி நீச்சல் அடிச்சிருக்கு.

2015 டிசம்பர்ல சென்னை முங்குச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் மறுபடி முங்குச்சு. பார்க்கிங்ல நின்ன பைக்கெல்லாம் தண்ணிக்குள்ள நின்னதை டீவியில பார்த்தோமே, "ஐயோ பாவம்"னு உச்சு கொட்டினோமே, அந்த வண்டியெல்லாம் எங்க போச்சுன்னு யாராவது யோசிச்சீங்களா? சிலதை ஓனரே ரிப்பேர் பண்ணி ஓட்டறார். சிலதுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முழுச்சேதம்னு பணம் குடுத்துட்டு வண்டியை ஏலத்துல தள்ளும். மீதியைக் கழுவி, ஆயில் மாத்தி, தண்ணி வந்த கதை தெரியாத ஊர்ல விப்பாங்க. வெள்ளம் போன வண்டியை வேளச்சேரிக்காரன்கிட்டயே விக்க முடியுமா? கமண்டல நாகநதியில வருஷத்துல பாதி நாள் மணல் மட்டும் பார்க்கற ஆரணிக்காரன்தான் அதுக்குத் தோதான ஆளு. வண்டிக்கு உள்ள தண்ணி போயிருக்கும்னு அவனுக்குத் தோணவே தோணாது.

சித்தப்பா விஷயத்துல என் வயித்தெரிச்சல் வண்டியோட நிக்கல. அந்த 48,000 சேமிப்பு இல்ல. முதலாளிகிட்ட வாங்கின அட்வான்ஸ். நெசவுத் தெருவுல பொறந்தவங்களுக்கு இதோட அர்த்தம் தெரியும். அட்வான்ஸ் தீர்ற வரைக்கும் வேற முதலாளிகிட்ட பாவு வாங்க முடியாது, கூலி பத்தலைன்னு வாயைத் திறக்க முடியாது. ஒவ்வொரு புடவைக் கூலியிலயும் கொஞ்சம் கொஞ்சமா கழியும். வண்டி மெக்கானிக் ஷெட்டுல நிக்குது, அது வாங்கின கடனுக்கு மனுஷன் தறிக்குழியில காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கார். ஹெட்லைட் கண்ணாடியை ஒரு ஸ்க்ரூ டிரைவர்ல கழட்டிப் பார்க்க அஞ்சு நிமிஷம் ஆகும். அந்த அஞ்சு நிமிஷம் ஏன் செலவு பண்ணலைன்னு கேட்டா, "தெரிஞ்சவங்க முன்னாடி எப்படிப்பா கழட்டறது, தப்பா நெனைக்க மாட்டாங்களா?"

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் திட்டறேன்.

நான் சாஃப்ட்வேர் கம்பெனியில குப்பை கொட்டறவன். பக்கத்து சீட்டுக்காரன் என்னோட ஆறு வருஷமா வேலை பார்க்கறான், என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில பரிமாறினவன். அவன் எழுதற ஒவ்வொரு வரி கோடையும் இன்னொருத்தர் பார்த்துதான் உள்ள விடுவோம். அவன் கோவிச்சுக்கறது இல்ல. பார்க்காம விட்டாதான் "ஏன்டா, படிச்சியா இல்லையா"ன்னு கேப்பான். முதலாளி புடவையை விரிக்கறதும் இதேதான். தினம் தினம் நம்ம தொழில்ல செய்யறதை, பணம் நம்ம கையிலேர்ந்து போற அன்னிக்கு மட்டும் மரியாதைக்குறைவுன்னு நினைக்கறோம்.

சரி, எப்படிப் பார்க்கறது? நான் மெக்கானிக் இல்ல. நான் படிச்சது மெக்கானிக்கல் கூட இல்ல. ஆனா இதெல்லாம் கண்ணும் கையும் இருந்தா போதும்.

காலையில போங்க. வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு போன்ல சொல்லிட்டுப் போங்க. போனவுடனே இன்ஜின்ல புறங்கையை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா, "உங்களுக்காகத்தான் சார் ரெடியா வச்சேன்"னு சிரிப்பாங்க. நீங்களும் சிரிச்சுட்டு "ஆறட்டும், டீ சாப்பிட்டு வரேன்"னு கிளம்புங்க. ஒரு டீ பத்தாது, முழுசா ஆற ரெண்டு மணி நேரம் ஆகும். சூடான இன்ஜின் பாதி வியாதியை மறைச்சிடும். ஸ்டார்ட்டிங் கஷ்டமா, டொக் டொக்னு சத்தம் வருதா, எல்லாம் ஆறின வண்டியிலதான் தெரியும். ஸ்டார்ட் பண்ணதும் சைலன்சரைப் பாருங்க. நீலப்புகைன்னா ஆயில் எரியுது, இன்ஜின் பிரிக்கற செலவு காத்துக்கிட்டு இருக்கு. கறுப்புன்னா பெட்ரோல் அதிகமா போகுது. காலைக் குளிர்ல மொதல்ல கொஞ்சம் வெள்ளையா வந்து நின்னுட்டா பயப்பட வேணாம், அது ஈரம்.

நீச்சல் வண்டிக்கு தனி சோதனை. ஆயில் அளக்கற குச்சியை உருவிப் பாருங்க. ஆயில் பால் விட்ட காப்பி கலர்ல இருந்தா உள்ள தண்ணி கலந்திருக்கு. ஆனா விக்கறவர் ஆயில் மாத்தியிருப்பார், அதை நம்பி விட்டுடாதீங்க. ஆயில் மாத்தறது ஈசி, சேத்தை முழுசா எடுக்கறது கஷ்டம். ஹெட்லைட் உள்ள, ஏர் ஃபில்டர் டப்பா மூலையில, சீட்டைக் கழட்டினா அடியில இருக்கற போல்ட் தலையில எல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க. ஸ்பீடோமீட்டர் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிஞ்ச மாதிரி இருக்கா? ஒயர் சேர்ற கனெக்டர் ஒண்ணு ரெண்டைப் பிரிங்க. உள்ள பச்சையா பூத்திருந்தா, செம்பு அரிக்க ஆரம்பிச்சாச்சு. இதுதான் ரெண்டு மாசம் ஓடிட்டு மூணாவது மாசம் நடுரோட்டுல அணையற வியாதி. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 வண்டியில இது இன்னும் மோசம், ஏன்னா பெரும்பாலும் கார்புரேட்டர் இல்ல, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், நாலஞ்சு சென்சார், ஒரு சின்ன கம்ப்யூட்டர். சாவி போட்டதும் மீட்டர்ல இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். அணையலைன்னா கோளாறுன்னு எல்லாருக்கும் தெரியும். சாவி போட்டப்பவே எரியலைன்னா இன்னும் பெரிய கோளாறு, யாரோ லைட்டோட வாயை அடைச்சிருக்காங்க.

கிலோமீட்டரை நம்பவே நம்பாதீங்க. 18,000னு காட்டற வண்டியில பிரேக் பெடல் தேஞ்சு வழவழன்னு இருந்தா, ஃபுட்ரெஸ்ட் ரப்பர் மொழுக்கையா இருந்தா எது பொய்னு நீங்களே முடிவு பண்ணுங்க. டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும். 2319னா 2019வது வருஷம் 23வது வாரம் தயாரிச்சது. வண்டி 2022 மாடல்னு சொல்றாங்க, டயர் 2019னா, எந்த வண்டியிலேர்ந்து கழட்டினதுன்னு கேளுங்க. செயினை பின்பக்கப் பல்சக்கரத்துலேர்ந்து பின்னாடி இழுங்க, நல்லா விலகி வந்தா செயின் செட் செலவு. பல்லு கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தாலும் அதேதான். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரம் தூக்கி நிக்கறப்ப ஹாண்டிலை மெதுவா திருப்புங்க. நடுவுல வந்து 'டக்'னு ஒரு பள்ளத்துல உக்காந்தா பேரிங் போச்சு. பின்னாடி பத்தடி தள்ளி நின்னு ரெண்டு சக்கரமும் ஒரே கோட்டுல இருக்கான்னு பாருங்க. பாவு நேரா இருக்கான்னு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பீங்களே, அப்படி.

எங்க தெருவுல பாதிப் பேர் ஓட்டற டி.வி.எஸ். எக்ஸ்எல்லுக்கு கியரே கிடையாது, பார்க்கவேண்டியதும் கம்மி. ஆனா அதுல மூட்டை ஏத்தியே ஃப்ரேமை ஒடிச்சு வெல்டிங் வச்சிருப்பாங்க. பெயிண்டுக்கு அடியில விரல் வச்சுத் தடவினா மேடு தட்டும்.

இனிமேதான் உண்மையான வில்லன். பேப்பர்.

"ஆர்.சி. புக்கு கைல இருக்கு, ஃபாரம் 29, 30ல கையெழுத்தும் வாங்கியாச்சு, பேர் அப்புறம் மாத்திக்கலாம்." இந்த "அப்புறம்" எங்க ஊர்ல மூணு வருஷம், அஞ்சு வருஷம், சில பேருக்கு வண்டி எடைக்குப் போற வரைக்கும் நீளும். மோட்டார் வாகனச் சட்டம் 50வது பிரிவு, அதே மாநிலத்து வண்டின்னா விக்கறவர் 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும், வாங்கறவர் 30 நாளுக்குள்ள சொல்லணும்னு தெளிவா சொல்லுது. சொல்லலைன்னா என்ன? 2018ல உச்ச நீதிமன்றத்துல நவீன் குமார், விஜய் குமார் வழக்குன்னு ஒண்ணு. காரை முதல் ஓனர் 2007லயே வித்துட்டார். அது கை மாறி கை மாறிப் போய், 2009ல விபத்து. ஆர்.சி.யில பேர் மட்டும் முதல் ஓனர் பேர்லயே இருந்துச்சு. நஷ்ட ஈடு யார் தரணும்? பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், அவர்தான் பொறுப்புன்னு தீர்ப்பு. விக்கறவங்களே, கேட்டுக்குங்க, "தெரிஞ்சவங்கதானே, மாத்திக்குவாங்க"ன்னு நீங்க விட்ட வண்டி உங்களைத் தேடி வரும்.

வாங்கறவங்களுக்கும் இதே ஆப்புதான். பேர் மாறாத வண்டி திருடு போனா சொந்தச் சேதத்துக்கான இன்சூரன்ஸ் பணம் கேக்கறப்ப தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கணும். 2018 செப்டம்பர்லேர்ந்து புது பைக்குக்கு அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். நல்ல விஷயம்தான். ஆனா அந்த அஞ்சு வருஷம் முடிஞ்ச கையோட வண்டியை விக்கறவங்க நிறைய. "இன்சூரன்ஸ் இருக்கு"ன்னு சொன்னா எந்தத் தேதி வரைக்கும்னு பேப்பரைப் பாருங்க. பரிவாகன் சைட்ல வண்டி நம்பரைப் போட்டா ரெஜிஸ்ட்ரேஷன் தேதி, இன்சூரன்ஸ் தேதி, கடன் பாக்கிக்கு எந்த பேங்க் பேர் ஏறியிருக்குங்கறதெல்லாம் வரும். அபராதம் பாக்கி இருக்கான்னு ஈ-செல்லான் சைட்ல பார்க்கலாம். பேங்க் பேர் இருந்தா, கடன் தீர்ந்ததுக்கான தடையில்லாச் சான்றும் ஃபாரம் 35ம் கைக்கு வராம ஒரு ரூபா குடுக்காதீங்க. ஃப்ரேம்ல அடிச்சிருக்கற சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க. எண்ணெய் அழுக்கு இருந்தா துணியால துடைச்சுட்டுப் பாருங்க, வெக்கப்படாதீங்க.

கடையில வாங்கறவங்களுக்கு ஒண்ணு. 2023 ஏப்ரல்லேர்ந்து பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அங்கீகாரம் வாங்கணும், ஓனர் வண்டியை அவர்கிட்ட ஒப்படைச்சதும் ஆன்லைன்ல தெரிவிக்கணும், அதுலேர்ந்து வண்டிக்குப் பொறுப்பு வியாபாரிதான்னு விதி வந்தாச்சு. "அங்கீகாரம் இருக்கா அண்ணே"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அவர் முகம் போற போக்கைப் பார்க்கவே கேக்கலாம் :-)

போன தடவை இதைப் பத்தி லேசா எழுதினப்ப ஒரு நண்பர் பின்னூட்டத்துல, "இவ்வளவு தொல்லைக்கு ஈ.எம்.ஐ.ல புது வண்டி எடுத்துட்டுப் போகலாமே"ன்னார். சம்பளச் சீட்டு இருக்கற உங்களுக்கும் எனக்கும் சரி தலைவா. கூலிக்கு நெய்யறவருக்கு சம்பளச் சீட்டு யார் குடுப்பா? இன்னொருத்தர், "மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போனா போதும்". எந்த மெக்கானிக்கை? வண்டி முடிஞ்சா விக்கறவர்கிட்ட ஆயிரம் ரூபா கமிஷன் வாங்கறவரையா? கூட்டிட்டுப் போங்க, ஆனா வண்டி வாங்கினாலும் வாங்கலைன்னாலும் அவருக்கு உங்க கையால ஐநூறு குடுங்க. அப்பதான் "வேணாம்"னு சொல்ல அவருக்கு வாய் வரும். மூணாவது கோஷ்டி, இருநூறு இடம் செக் பண்ண சர்ட்டிஃபிகேட் குடுக்கற கம்பெனிகளை நம்பறவங்க. விக்கறவனே குடுக்கற சர்ட்டிஃபிகேட்டும் டாக்டர் வண்டிக் கதையும் ஒரே வீட்டுப் புள்ளைங்கதான். அதைப் படிங்க, ஆனா கையில டார்ச்சோட படிங்க.

"எல்லாத்தையும் சந்தேகப்பட்டா ஊர்ல எப்படிப் பொழைக்கறது"ன்னு பெரியவங்க கேப்பாங்க. கேட்டுட்டாங்க. போன தை மாசம் எங்க மாமா பையனுக்கு வண்டி பார்க்கப் போனேன், சேவூர் பக்கம். விக்கறவர் மாமாவுக்குத் தூரத்துச் சொந்தம் வேற. நான் சீட்டைக் கழட்டச் சொன்னதும் மாமா முகம் கறுத்துடுச்சு. "இன்னாடா இது, போலீஸ் மாதிரி"ன்னு காதுல முணுமுணுத்தார். விக்கறவர் ஒண்ணும் சொல்லல, ஸ்பேனர் எடுத்துக் குடுத்தார். உள்ள சுத்தமா இருந்துச்சு. ஆனா முன்பக்க ஃபோர்க்ல ஆயில் கசிஞ்சுது. கையை வச்சுக் காட்டினேன். அவரே பார்த்துட்டு, "அட, நான் கவனிக்கலையே தம்பி"ன்னு 1,500 குறைச்சார். மறுவாரம் மூணு பேரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் ஃபாரம் குடுத்துட்டு, வெளிய வந்து டிபன் சாப்பிட்டோம். அவர்தான் பில் குடுத்தார்.

மாமா இன்னும் எங்கிட்ட சரியா பேசல. பையன் வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கான். சித்தப்பாவுக்கு அட்வான்ஸ்ல இன்னும் பதினோரு புடவை பாக்கி.

டிஸ்கி: "உங்க சித்தப்பாவுக்கு வித்த அந்த தெரிஞ்சவர் யாரு"ன்னு கேட்டு மெயில் போடாதீங்க. சித்தப்பாவுக்கே இன்னிக்கு வரைக்கும் தெரியல.